குடி எங்கள் பிறப்புரிமை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
19.03.1972

அன்புள்ள இராமர் அண்ணனுக்கு,

ஸவாஹிர் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மு குல்தூமும் பிள்ளைகளும் சுகம். திருச்சியில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கிறீர்களா?

எட்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். கடைசிக் கடிதத்தில் இருந்த பதினொரு எழுத்துப்பிழைகளையும் பென்சிலால் திருத்தி உங்களுக்கே திருப்பி அனுப்பினேன். முப்பது வருடம் பத்திரிகையில் புரூப் பார்த்த கை அண்ணே, சும்மா இருக்காது. உம்மு குல்தூம் அன்றே என்னை ஏசினாள். "மனிசன்ட மனசுல என்ன ஈக்கிதெண்டு பாக்காம எழுத்தப் பாத்தீக்கிறீங்களே!" என்றாள். அதில் அண்ணியின் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் 'காய்சல்' என்பதில் ஒரு 'ச்' சேர்த்தேனே தவிர, இப்போது எப்படி என்று கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது கேட்கிறேன்.

நம் பத்திரிகை ஆசிரியர் தண்டாயுதபாணி ஐயா காலமாகி ஒரு வருடமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நினைவுக் கூட்டம் வைத்தோம். வாசலில் கட்ட 'குடியுரிமைக் காவலர்' என்று ஒரு துணிப் பதாகை எழுதும் வேலையைப் பெயின்டர் சிறிலிடம் கொடுத்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, பார்த்து வரைவார். முதல் இரண்டு எழுத்தையும் முழ நீளத்துக்குப் போட்டுவிட்டு, இடம் போதாமல் மிச்சத்தை அடியில் எறும்பு வரிசையாக எழுதிவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் ஐயாவின் படமும் பக்கத்தில் 'குடி'யும்தான் தெரிந்தன. வெறுந்தேத்தண்ணிக்கு மேல் ஒன்றையும் தொடாத மனிதர்! எதிரே இருந்த கள்ளுத் தவறணையிலிருந்து இருவர் எழுந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐயாவின் கூட்டத்திலிருந்து யாரையாவது எழுப்பி அனுப்ப முடியுமா? அப்படியே இருக்க விட்டோம்.

பேசியவர்கள் எல்லோரும் ஐயாவின் தலையங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். தலைமயிரைப் பற்றிப் பேசியவர் அந்தச் சலூன்காரர் மட்டும்தான். உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் தகப்பனாரைப் போன்ற நகரசுத்தித் தொழிலாளருக்கு முடிவெட்ட மாட்டோம் என்றவர். அவர் வெட்டும்வரை தானும் வெட்டுவதில்லை என்று ஐயா நாலு மாதம் சாமியாரைப் போல அலுவலகத்துக்கு வந்தாரே! தினமும் காலையில் சலூன் வாசலில் நின்று, "இன்றைக்கு எல்லோருக்கும் வெட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் உங்கள் தகப்பனாரை நாற்காலியில் இருத்தி வெட்டிய பிறகுதான் தன் தலையைக் கொடுத்தார். "நாலு மாச முடி, என்ட கத்திரிக்கோல் ரெண்டு உடைஞ்சது" என்று சலூன்காரர் மேடையிலேயே அழுதார். தவறணைக்காரர் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். என்ன பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா மேடையிலும் சொல்லும் அதே கதைதான். நாற்பத்தெட்டில் இந்திய வம்சாவளித் தமிழரான நம்மவர்களின் குடியுரிமையும் நாற்பத்தொன்பதில் வாக்குரிமையும் பறிபோனபோது ஐயா கொடுத்த முதல் பக்கத் தலைப்பு, 'குடியுரிமை எங்கள் பிறப்புரிமை'. விடிந்து பத்திரிகை வந்தபோது 'குடி எங்கள் பிறப்புரிமை' என்று இருந்தது. மதுவிலக்குச் சங்கத்தார் குடையோடு சண்டைக்கு வந்தார்கள். தவறணையிலிருந்து மாலையோடு வந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஐயா குடியுரிமையை விளக்கி, இரண்டு பக்கத்திலும் மகஜருக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

பிறகு யாருடைய பிழை என்று கேட்டார். "கை தவறி எழுத்து விழுந்துருச்சுங்க ஐயா" என்று அச்சுக் கோத்த நீங்கள் முன்னால் வந்தீர்கள். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து உங்களுக்குக் 'குடி இராமர்' என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

நான் மேடையேறும் முன் ஐயாவின் மனைவி நாகம்மை ஆச்சி ஒரு பழைய தாளைக் கையில் தந்தார். "அவுக பெட்டியில வச்சிருந்தாக. இது உங்க கோடுதானா, பாருங்க தம்பி" என்றார். அந்த நாளின் புரூப் தாள். நீங்கள் 'யுரிமை'யை இரண்டு தரம் கோத்திருந்தீர்கள். ஒன்றை எடுக்கச் சொல்லி நான் போட்ட நீலக் கோடு, நீண்டு இரண்டையும் வெட்டியிருந்தது. அடியில் ஐயாவின் கையெழுத்தில், 'வேறு யாரும் பார்க்காதபடி வைக்கச் சொல்லி இராமர் கொண்டுவந்து தந்தது. ஸவாஹிருக்கு அடுத்த மாதம் நிக்காஹ், வேலை போய்விடக் கூடாது, பழி தன்னோடு இருக்கட்டும் என்கிறார். இருவரையும் கேட்கப்போவதில்லை' என்று இருந்தது.

நான் கோடு போட்டால் எழுத்தை எடுப்பது உங்கள் வேலை, படிப்பது என் வேலை என்று அடிக்கடி சொல்வீர்களே, இதைத்தானா சொன்னீர்கள்?

மேடையில் கதையைத் திருத்திச் சொன்னேன். விழுந்தது இராமரின் கையிலிருந்து அல்ல, வெட்டியது நான் என்றேன். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். நான் தேம்பியபோதுதான் நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். "இருவத்திமூணு வருஷம் ஒங்கட பிழைய அவர் செமந்தீக்காரு. நீங்க அவர்ட பதினொண்ட செமக்கல்லயே" என்றாள் உம்மு குல்தூம். அன்று அந்தப் பழியை நீங்கள் ஏற்காவிட்டால் எங்கள் கல்யாணமே நடந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

குடியுரிமை, குடியுரிமை என்று ஆயிரம் தடவை கோத்த கைக்கு மட்டும் கடைசிவரை அது கிடைக்கவில்லை. உங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகி நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயிலேறிய அன்று, நோயோடு கோட்டை ஸ்டேஷனுக்கு வந்த ஐயா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்தேன்? "குடி இராமர், போயிட்டு வாங்க!" என்று பிளாட்போரம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கையசைத்தீர்கள்.

ஐயாவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம். அதில் இந்தக் கதையும் வரும், பிழைக்குக் கீழே என் பெயரோடு. புரூப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மற்றப் பக்கங்களைப் பார்ப்பேன், அந்தப் பக்கத்தை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணே, எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஏசி எழுதினாலும் சரி. 'மன்னித்தேன்' என்ற வார்த்தையை எப்படி எழுதினாலும், மூன்று சுழி போட்டாலும், 'த்' விட்டுப்போனாலும், நான் பென்சிலைத் தொடமாட்டேன். ஆண்டவன் உங்களுக்கும் அண்ணிக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உங்கள் தம்பி,
ஸவாஹிர்