ஆயிலில் கண்ட மினுமினுப்பு

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுவரைக்கும் குறையில்லை. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க இருக்கன்குடி மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்கு இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. மேலும் இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். படித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் போன் போட்டுவிடாதே, முழுக்கப் படி. இங்கே மழை எட்டிப்பார்க்கவில்லை, மல்லாங்கிணற்றில் உன் சித்தப்பா விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்று காய்ந்துவிட்டது, ஆட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துப் போட்டுவிட்டான். மற்றபடி ஊரில் எல்லாரும் சௌக்கியம்.

லோடு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நீயும் சொன்னாய், மாப்பிள்ளையும் சொன்னார். நான் பிடிவாதக்காரன் என்று உங்களுக்குள் பேசியிருப்பீர்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் இந்தத் தடவை காரணம் வேறு. சித்திரையில் அம்மாவின் பட்டாசுக் கம்பெனியில் வெடித்ததைப் பற்றி உன்னிடம் பட்டும் படாமலும் சொன்னோம், எங்கோ தள்ளியிருந்த அறை என்றோம். பாண்டிமீனா இருந்த அறை தாயி அது. உன் அம்மாவோடு தினமும் ஒரே வேனில் போய், ஒரே தூக்குச்சட்டிக் குழம்பைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். அவளுடைய கருமாதி முடிந்த மறுநாளே உன் அம்மா சோற்றைக் கட்டிக்கொண்டு வேனுக்குப் போய் நின்றாள். நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவள் நிதானமாக, வண்டியும் படுத்துக் கெடக்கு, நானும் இங்கன உக்காந்துட்டா அடுப்பு எப்படி எரியும், வண்டி ஓடட்டும், அன்னைக்கே நின்னுக்கிடுதேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை, இந்த எஞ்சின் ஓடினால் அவள் அந்த வாசலுக்குப் போகமாட்டாள்.

உனக்குத் தெரியும், வண்டி நீலப் புகையாகத் தள்ளிக்கொண்டு, டீசல் குடிக்கிற அளவுக்கு ஆயிலும் குடித்துக்கொண்டிருந்தது. கடைசியாகக் காலண்டர் அட்டை லோடோடு சூலக்கரைப் பக்கம் போகும்போது மூச்சுவிட முடியாமல் நின்றதுதான், கட்டியிழுத்து வந்து வாசலில் போட்டோம். பட்டறையில் விட்டால் தீபாவளி சீசனுக்கு முன்னால் நம் வண்டியைத் தொடமாட்டார்கள், அங்கே இப்போதே வரிசை நிற்கிறது. அதனால் வீட்டு வாசலிலேயே தார்ப்பாயைக் கட்டி, செயின் போட்டு எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டோம். சாத்தூர் பைபாஸில் எஞ்சின்களின் டீசல் பம்பு ரிப்பேர் பார்க்கிற ராக்கப்பன் லீவு நாட்களில் வந்து கூட நின்றான். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது, நாசில் கழற்றிச் சரிபார்த்தாகிவிட்டது. இதோடு விடாமல் அவன் ஒரு ஆசை காட்டினான். இதே எஞ்சினுக்குப் பின்னால் வந்த மாடலில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ உண்டு, மதுரையில் விபத்தில் நசுங்கிய வண்டியில் நல்லதாக ஒன்று இருக்கிறது, அதைப் பூட்டினால் மேட்டில் லோடோடு மூச்சு வாங்காது என்றான். கிழவனுக்குப் பல் கட்டி முறுக்குத் தின்னச் சொல்கிறாயே என்றேன், ஆனாலும் போய் எடுத்து வந்தோம். டர்போவுக்குள் சுற்றுகிற தண்டு ஆயிலின் மேல்தான் மிதக்குமாம், ஆயிலில் ஒரு தூசி போனாலும் அதற்கு ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னான்.

அந்தத் தூசி வராமல் பார்த்துக்கொள்கிற வேலையை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். கம்பெனியிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள் என்பது உனக்குத் தெரியாததா, இப்போது குளித்துவிட்டு நேரே வாசலுக்கு வந்துவிடுவாள். டீசலில் ஒவ்வொரு பாகமாகக் கழுவி, துணியால் துடைத்து, ஆயில் போகிற துவாரத்தில் எல்லாம் திரி மாதிரி துணியை முறுக்கி விட்டு எடுப்பாள். வெடிக்கு மருந்து செலுத்திப் பழகிய கை, பதற்றமே இருக்காது. தண்ணீர்ப் பம்பு ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் வெட்ட ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்தேன், அதில் சரஸ்வதி இருக்கிறாள் என்று பிடுங்கிக்கொண்டு, படமில்லாத அட்டையாகத் தேடி எடுத்துத் தந்தாள். பாண்டிமீனா போனதற்குப் பிறகு அவள் என்னோடு வாயாடினது அந்த வாசலில்தான். துடைக்கிற துணிக்கும் பஞ்சமில்லை. கம்பெனிக்குக் கட்டுகிற சேலையை நம் பக்கம் தனியாகத்தானே துவைப்போம், நைந்துபோனாலும் எதற்காவது ஆகும் என்று கிழித்து மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அலசி அலசி வெயிலில் காயப்போட்டது, பார்க்கச் சுத்தமாக இருந்தது, அதையே எடுத்தோம்.

எஞ்சினை ஏற்றி சாவியைத் திருப்பிய அன்று பார்க்கவேண்டுமே செல்வி, புகை இல்லை, தட்டல் இல்லை, புது வண்டி கெட்டது போ. லோடு ஏற்றாமல் இருக்கன்குடி வரை ஓட்டிப் போய்க் கும்பிட்டு வந்தோம். கொஞ்ச நாள் காலி வண்டியாக ஓட்டிவிட்டு முதல் ஆயிலை மாற்றவேண்டும், அதற்குப் பிறகுதான் லோடு என்று ராக்கப்பன் சொல்லியிருந்தான், அதுவரைக்கும் உன் அம்மாவும் வேனுக்குப் போய்க்கொண்டிருந்தாள், போன ஞாயிற்றுக்கிழமை வந்து அடியில் தட்டை வைத்துத் திறந்துவிட்டான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். ஆயில் முழுக்க வெள்ளி மாதிரி மினுங்கியது. ராக்கப்பன் முகம் செத்துப்போய்விட்டது, பேரிங்க தின்னுருச்சுண்ணே, இல்லன்னா பிஸ்டனு, எப்படியும் பிரிக்கத்தான் வேணும் என்றான். பிரித்தோம். பேரிங்கில் ஒரு கீறல் இல்லை, பிஸ்டனிலும் இல்லை. எதிலும் தேய்மானம் இல்லை என்றால் இந்த வெள்ளி எங்கேயிருந்து வந்தது, இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்காத குறை.

சீசன் நெருங்குவதால் அன்றைக்கும் கம்பெனி உண்டு. உன் அம்மா வந்தவள் குளிக்கக்கூடப் போகாமல் அந்தத் தட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு விரலை விட்டு எடுத்து, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ரேகைக்குள்ளே போய் ஒட்டிக்கொண்டது. ஆயிலில் தொடாத மற்றக் கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்தாள், அதிலும் அதே மினுமினுப்பு. இது நாங்க மருந்துல சேக்குற அலுமினியப் பவுடருல்லா என்றாள். எழுந்துபோய்த் துணி மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வெயிலில் உதறினாள். அந்தத் துணியிலிருந்து பொடிப்பொடியாக வெளிச்சம் பறந்தது. நாங்கள்தான் ஒவ்வொரு பாகத்திலும் அதைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறோம், வேறு ஊர்க்காரன் எவனுக்கும் இப்படி ஒரு தப்பு வராது. ராக்கப்பன் அவளைத் தேற்றுகிற மாதிரி, நல்ல வேள மதினி, ஒண்ணும் தேயல, கழுவி மாட்டிருவோம், எஞ்சினுக்கு ஒரு சேதாரமும் இல்ல என்றான். அவள் அவனைப் பார்த்தாள். எத்தன தண்ணியில அலசுன துணிய்யா இது, இதுலயே இம்புட்டு இருக்குன்னா என் நெஞ்சுக்குள்ள எம்புட்டு கெடக்கும், எஞ்சினப் பிரிச்சுட்டிய, என்னை எங்கன பிரிக்கது என்றாள். ஆடியிலிருந்தே அவளுக்கு இருமல் செல்வி. உன்னிடம் போனில் பேசும்போது இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள், சிக்னல் இல்லை என்று போனை என் கையில் கொடுத்துவிடுவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ராக்கப்பன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை.

திரும்பத் துடைக்க சாத்தூரில் பனியன் வேஸ்ட் துணி வாங்கி வருகிறேன் என்று ராக்கப்பன் கிளம்பிப் போனான். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. நன்றாகக் குளித்துவிட்டு, பீரோவைத் திறந்து, கவர் பிரிக்காமல் வைத்திருந்த நீலச் சேலையை எடுத்து வந்தாள், உன் முதல் சம்பளத்தில் நீ எடுத்து அனுப்பியது. எப்போது கட்டுவாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் கட்டுகிறேன் கட்டுகிறேன் என்பாளே, என்னிடம் மட்டும், கம்பெனிய விட்டு நின்ன பொறவு கட்டுதேன், இதுலயும் பவுடரு ஏறவா என்பாள். நான் அடியே அது செல்வி எடுத்தது என்று கையைப் பிடித்தேன். வீட்டுல பவுடரு படாத துணி இது ஒண்ணுதான் இருக்கு என்று சொல்லிவிட்டு, கரையைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். மறுநாள் காலையில் கம்பெனி வேன் வழக்கம்போல முக்கில் நின்று ஹார்ன் அடித்தது. உன் அம்மா எஞ்சினின் கிராங்க் தண்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நீலத் துணியை முறுக்கித் துவாரத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. திரும்பவும் ஹார்ன் அடித்தது. வரலன்னு போய்ச் சொல்லிருங்க என்றாள். இன்றைக்கா என்று கேட்டேன். இனிமே என்றாள். வண்டி இன்னும் லோடுக்குப் போகக்கூட இல்லை, செல்வி.

புதன்கிழமை விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறோம், அதற்குள் எஞ்சினை மாட்டிவிடுவோம், நம் வண்டியிலேயே கூட்டிப்போவேன். என்ன வந்தாலும் மறைக்காமல் சொல்கிறேன், நீயும் கேட்டுவிட்டு உடைந்துபோகக் கூடாது. உன் கம்பெனியிலும் தூசி இருக்கும் என்றாயே, முகத்தில் துணி கட்டாமல் உள்ளே போகாதே, வீட்டுக்கு வந்ததும் குளி. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, நல்ல காற்றைக் குடித்து நன்றாக இருக்கவேண்டும், மாரியாத்தாளிடம் அதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். ஒன்று மறந்துவிடாதே, பழைய சேலையைப் பற்றி நீயாகக் கேட்காதே. தீபாவளிக்கு அதே நீலத்தில் ஒன்று எடுத்து அனுப்பு. இந்தத் தடவை கட்டிக்கொள்வாள்.

உன் அப்பா,
செல்லச்சாமி