பத்துக்கு ரெண்டு

என் வாயாடி அக்காவுக்கு,

இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்! உன் வீட்டுக்காரர் இன்று வாய் திறந்து பேசினார். எதைக் கேட்டாலும் 'ம்' என்பாரே, அதே அத்தான்தான்.

நீ போனபிறகு அவருடைய குடி ஏறிக்கொண்டே போனது. உன் வழியிலேயே நானும் அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினேன். கற்பூரம் அணைந்த சூட்டோடு சத்தியமும் போய்விடும். இன்று பிறை ஊர் வீட்டிலிருந்து கிளம்பி, ஃபெரிப் படகு ஏறி, ஜார்ஜ்டவுனில் குடியை நிறுத்த உதவும் கிளினிக்குக்கு அவரை அழைத்துப் போனபோதும் கைப்பையில் ஒரு பொட்டலம் கற்பூரம் இருந்தது. திரும்பும் வழியில் கோயில் என்பது என் திட்டம்.

அங்கே கவுன்சலர் நம் தமிழ்ப் பெண். எடுத்த எடுப்பிலேயே கேட்கிறாள்: "தண்ணி போடுறதுல உங்களுக்கு என்ன பிடிக்கும்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதையாக அல்லவா இருக்கிறது?

"குடிச்சா தூங்கிருவேன்லா," என்றார் அத்தான். "இல்லாட்டி, அவ போனதுலேருந்து வூடு ரொம்ப அமைதியா இருக்கு."

"அவங்க குரல் இல்லாத வீடு," என்றாள் அவள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடியை விடணும்னு மனசுல எவ்வளவு இருக்குண்ணே? பத்துக்குச் சொல்லுங்க."

"ரெண்டு."

"ரெண்டுதானா!" என்று நான் எகிற, அவள் என் கையை மெல்லத் தொட்டாள். "ஏன்ணே, சைபர்னு சொல்லல?"

இப்படியும் யாராவது கேட்பார்களா? அத்தான் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேத்தி பொறந்திருக்கா. தூக்கினேன், கை நடுங்குச்சு. மக வாங்கிக்கிட்டா. திட்டல, ஒண்ணுமே சொல்லல. எனக்கு அவளத் தூக்கணும்மா."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா, அவரே சொன்னார்!

எனக்குப் பொறுக்குமா? "அப்ப இன்னிக்கே நிறுத்துங்க அத்தான்!" என்றேன்.

"கை நடுங்குறவங்க திடீர்னு நிறுத்துனா ஆபத்துக்கா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "டாக்டரப் பாத்துட்டு ஆரம்பிக்கலாமா? உங்க இஷ்டம்ணே."

அத்தான் தாமே எழுந்து போய், நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். வெளியே வந்ததும், "கோயிலுக்குப் போவலியா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"பசிக்குது அத்தான். மீ கோரேங் சாப்பிடலாம்."

எத்தனை மாதம் கழித்துச் சிரித்தார் தெரியுமா?

நாளை என்ன ஆகுமோ, மறுபடி சறுக்குவாரோ, யாருக்குத் தெரியும்? அந்தக் கற்பூரத்தை உன் படத்துக்கு முன் ஏற்றிவிட்டேன். இந்த முறை சத்தியம் செய்தது நான். இனி அவரிடம் சத்தியம் வாங்கமாட்டேன். கேள்வி கேட்பேன், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். நம் குடும்பத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா?

உனக்குக் கொஞ்சமும் குறையாத வாயாடி,
உன் தங்கச்சி