அண்ணத்தில் ஒரு மேடு

என்னங்க,

கிடைத்த பஸ்ஸில் ஏறி வாருங்கள். எனக்குக் கைகால் ஓடவில்லை.

நேற்று கீழே என் பல் கிளினிக்குக்கு ஒரு பெண் பல்வலி என்று வந்தாள். வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டுக்கும் இருபுறமும் ஒவ்வொரு பல் முளைக்கவே இல்லை. மேல்வாய் அண்ணத்தின் நடுவில் எலும்பு மேடு. நாம் தத்தெடுத்த பாப்பாவின் வாய் அப்படியே. பலருக்கும் இருக்கலாம்தான், மனம் ஒப்பவில்லை.

“எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் டாக்டர், பரம்பரை வாய்,” என்று சிரித்தாள். மேசையிலிருந்த பாப்பாவின் படத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“யாரு இது?”

“என் பொண்ணு.”

வைத்தியம் பார்க்காமலே போய்விட்டாள்.

இன்று காலையிலிருந்து வீட்டுக்கு எதிரே நிற்கிறாள். பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பாப்பாவோ ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, “பாவம்மா, வெயில்ல நிக்கிறாங்க. உள்ள கூப்பிடட்டுமா?” என்கிறாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா