அடித்து எழுதிய பெயர்

மார்ச் 3
சங்கக் கூட்டம். மச்சான் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாராம், சங்கம் ஆதரவு தர வேண்டுமாம். அவர் பழைய கதையை அலசிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றதும் நானே கை தூக்கினேன். டிப்போவில் அவருக்கு 'மைக்' என்று பெயர். ஒன்பது வருஷம் முன்னால் எங்கள் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அது முடிந்தபோது பதினொரு பேருக்கு வேலை போயிருந்தது. நான் ஓட்டிய பஸ்ஸின் கண்டக்டர், நாங்கள் 'விசில்' என்று கூப்பிடுகிறவன், அதில் ஒருவன். நான் சும்மா விடப்போவதில்லை.

"எங்க அண்ணன் மேல உங்களுக்கு என்ன அவ்வளவு கடுப்பு?" என்றாள் இவள்.

மார்ச் 6
நூலகத்தில் பழைய பேப்பர்கள். ஆளுங்கட்சி மேடையில் மச்சான். எதிர்க்கட்சி மேடையில் மச்சான். இரண்டிலும் ஒரே இளிப்பு. கேட்டால் மரியாதை நிமித்தமாம். நோட்டீஸில் மட்டும் 'எந்தக் கட்சி வாசலையும் மிதிக்காதவன்'. ஆமாம், வாசலில் எங்கே நின்றார், நேரே கூடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டாரே!

மார்ச் 9
வேலைநிறுத்தத்தை முடித்த ஒப்பந்தம் சங்க பீரோவில் கிடைத்தது. தேதி பதினான்கு. நாங்கள் வேலைக்குத் திரும்பியதோ பதினாறு. அப்படியானால் நடுவில் இரண்டு நாள் மழையில் நின்று தொண்டை கிழியக் கத்தினோமே — எதுக்கு? சாட்சிக் கையெழுத்து ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளருடையது. அடுத்த மாதமே மச்சான் போக்குவரத்துக் குழு உறுப்பினர். படுபாவி.

அதோடு இணைத்திருந்த, நீக்க வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் காணோம். அதை அடித்த டைப்பிஸ்ட் அம்மாவிடம் நகல் இருக்கிறதாம்.

மார்ச் 11
டைப்பிஸ்ட் அம்மா ஜெராக்ஸை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினொரு பெயர்கள். ஏழாவதைப் பேனாவால் அடித்து, மேலே வேறு பெயர் எழுதி, பக்கத்தில் மச்சானின் கையெழுத்து.

அடித்திருப்பது என் பெயர். மேலே எழுதியிருப்பது விசிலின் பெயர்.

தாளை இவள் முன்னால் வைத்தேன். "நான்தான் போய் அழுதேன். சின்னவ அப்ப வயித்துல. அவரு பேரை எடுங்கண்ணான்னு கேட்டேன். இன்னொருத்தர் பேரைப் போடச் சொல்லலையே!"

சொல்லல. சரி. ஒன்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் பாட்டுக்கு விசிலைப் பாத்துப் பாத்து உச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே.

மார்ச் 12
லீவு போட்டேன்.

மார்ச் 13
மச்சான் டிப்போவுக்கே வந்துவிட்டார். தோளில் கை போட்டார். "தாளை வெளிய எடுத்தா உன் பேரும் சேர்ந்துதான் நாறும், மாப்ளே. உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

கையைத் தட்டிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தேன். அதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 14
விசில் இப்போது துணிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறான். சங்கத்துக்கு முன்னால் அவனுக்குக் காட்ட வேண்டும் என்று போனேன். படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளா."

"சரி. ஆளுங்க வர்றாங்க, ஓரமா நில்லு."

அதற்குமேல் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 15
கூட்டத்தில் முழுசாகப் படித்தேன், ஏழாவது வரி உட்பட. "அப்போ ஒன்பது வருஷமா நீ தின்னது அவன் சோறு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மச்சானுக்கு ஆதரவு இல்லை என்று முடிவாயிற்று. பதினொரு பேருக்காகவும் வழக்குப் போடுகிறார்கள். நான் சாட்சி.

ஏப்ரல் 22
மச்சான் தோற்றுவிட்டார். இவள் பிறந்த வீட்டில் யாரும் எங்கள் போனை எடுப்பதில்லை.

ஜூன் 4
காலை வண்டியில் விசில் ஏறினான். கையில் ஃபைல், கோர்ட்டுக்குத்தான். எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. "உக்காரு," என்றேன். புதுக் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசிவரை போய், கம்பியைப் பிடித்து நின்றான். பின்னால்கூட இரண்டு சீட் காலிதான். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பதினாறு நிறுத்தம் நின்றபடியே வந்தான்.