ஏற்றத்தில் நிறுத்தாத வண்டில்

யாழ்ப்பாணச் சந்தியில் நேற்று விளக்கு பச்சையாகியும் என் மோட்டார் சைக்கிள் நகரவில்லை. முன்னால் ஒருவர் வெங்காய மூட்டைகளோடு தட்டுவண்டில் தள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் ஹோர்ன் சத்தம். உங்கள் நினைவு வந்தது, அப்பு.

வேலணையில் நாங்கள் பக்கத்து வளவு. கொழும்பில் கார்களை விரல் விட்டு எண்ணிய காலத்தில், நீங்கள் தெருச் சந்தியில் கை காட்டிய பொலிஸ்காரர். பல்கலைக்கழகக் கட்டுரைக்காக உங்களைக் கேட்க வந்தேன். கதிரையில் இருந்தபடியே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினீர்கள். தேநீர் கொண்டுவந்த உங்கள் மனைவி கைக்குக் கீழால் குனிந்து போனார்.

ஏற்றமான தெரு. கீழிருந்து அரிசி மூட்டைகளோடு ஒற்றை மாட்டு வண்டில். குறுக்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார். நீங்கள் காரை மறித்தீர்கள். அதன் எஞ்சின் நின்றுபோனது. சாரதி இறங்கி, முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, துரை உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தார்.

துரை முறையிட்டார். கார் வந்ததைக் காணவில்லை என்று எழுதித் தந்தால் வேலை தப்பும் என்றார் உங்கள் மேலதிகாரி. ஊரில் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பொலிஸ் உத்தியோகம் என்பதால்தான் பெண் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியும்.

கண்டேன், மறித்தேன் என்று எழுதினீர்கள். உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊர் வந்தீர்கள். கல்யாணமும் நின்றது.

நான் ‘வெள்ளையர் எதிர்ப்பு’ என்று சொல்லிக் குறித்துக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“எதிர்ப்புமில்லை ஒண்டுமில்லை, பிள்ளை. கார் நிண்டா இறங்கிச் சுத்தலாம். மாடு ஏத்தத்தில நிண்டா, வண்டில் அதையும் இழுத்துக்கொண்டு கீழ போகும்.”

ஒரு சின்னப் பொய்தானே என்றேன்.

“காணேல்லை எண்டு எழுதினா, பேந்து என்னத்துக்குச் சந்தியில நிண்டனான்?”

குசினிக்குள்ளிருந்து உங்கள் மனைவி சொன்னார்: “மாட்டுக்காக என்னை மூண்டு வருசம் காக்கவைச்ச மனிசன்.”

நின்றுபோன அந்தக் கல்யாணத்துப் பெண் அவர்தான். அறுபது வருடப் பழைய பகிடி. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. குற்றவாளி போலத் தலை குனிந்தீர்கள். கட்டுரையில் அதை என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பிறகு உங்கள் மனைவி சொன்னார். கல்யாணம் நின்ற பிறகு தன் தகப்பன் வேறு மாப்பிள்ளைகள் கொண்டுவந்தாராம். எல்லோரையும் வேண்டாம் என்றது தான்தானாம். ஏன் என்று கேட்டேன்.

“வாயில்லாச் சீவனை நடுத்தெருவில விடாத மனிசன். என்னை விடுவாரே?”

உங்களிடம் இதைச் சொன்னதுண்டா என்று கேட்டேன். “சொன்னா மனிசனுக்குப் பவுசு கூடியிடும்” என்றார்.

இப்போது அவரும் இல்லை. அந்தப் பதில் என்னிடம் மட்டும் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், அப்பு. நீங்கள் அவரைக் காக்கவைக்கவில்லை.