ஜப்பான் கருவாடு

சனிக்கிழமை இரவு

மகாபலிபுரம் போகிற வழியில் கடலைப் பார்த்தபடி ஒரு ஜப்பான் ஓட்டல். இவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்கு மேனேஜர் கொடுத்த விருந்து. பச்சை மீனைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். கடைசியில் சமையல்காரர் கட்டை மாதிரி காய்ந்த ஒரு மீனைக் கொண்டுவந்து, எங்கள் கண்ணெதிரே சீவிச் சோற்றின்மேல் தூவினார். புகை போட்டுக் காயவைத்த சூரை மீனாம்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "இன்னா வாசனை சார்! சான்சே இல்ல."

"இது கருவாடுதானேங்க?" என்று கேட்டுவிட்டேன். மேசைக்கடியில் ஷூக்காலால் என் காலை மிதித்தார். மேனேஜர் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்து, "கடப்பாக்கம் மீன்குப்பத்துக்காரி சார், அவளுக்கு இன்னா தெரியும்," என்றார்.

போன வாரம் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை, பக்கத்து ஃப்ளாட்டுக்கு நாறும் என்று பையோடு குப்பையில் போட்ட மனிதர்தான் இவர்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "நாளைக்கு உங்கம்மா வராங்கல்ல? அந்த நாத்தத்த எட்த்துகினு வர வேணாம்னு சொல்லிடு." பேசப் பேச அவர் வாயிலிருந்து அதே கருவாட்டு வாடை வீசியது. கண்ணாடியை இறக்கினேன்.

"ஏசி ஓடிகினு கீது, இன்னாத்துக்குத் தொறக்கற?"

இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இப்போது பல்கூடத் தேய்க்காமல் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஃபோன் செய்யவில்லை. எடுத்து வரட்டும்.