பிரேக் இல்லாத இருக்கை

அன்பு மகளுக்கு,

“இந்த வயசுல இது தேவையாம்மா, ஊர் சிரிக்கும்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். இதுவரை நான்கு ஊர்களைக் கடந்துவிட்டோம், யாரும் சிரிக்கவில்லை. பார்ப்பதற்கு ஏரியும் மலையும் இருக்கும்போது எங்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லா ஊரிலும் இரண்டு அறை எடுத்தோம். நீ கேட்கமாட்டாய், நானாகச் சொல்கிறேன்.

நீ ‘அந்த ஆள்’ என்று சொல்பவர், ஓய்வு பெறும்வரை இந்த மலைப்பாதையில்தான் பஸ் ஓட்டினார். இப்போது பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்துகிறார். வேகம் குறையாவிட்டால் டிரைவரை முறைக்கிறார்.

நேற்று ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். ஒரு வளைவு திரும்பியதும் ஏரி முழுவதும் தெரிந்தது. அவர் காலை எடுத்துவிட்டார்.

“இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?”

“தினமும் இந்தப் பக்கமா வந்தது நீங்கதானே?”

“ரோட்டைப் பார்க்கத்தானே சம்பளம் குடுத்தாங்க.”

உன் அப்பா போன பிறகு நானும் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன். அதில் வருத்தமில்லை, நீ பத்திரமாக வந்து சேர்ந்தாய்.

திரும்பியதும் திருமணப் பதிவு அலுவலகத்தில் வேலை இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து யார் வேண்டுமானாலும் போடலாமாம். நீ போட்டால் எனக்குப் பிடிக்கும்.

“கொண்டை ஊசி வளைவுல கூட பயந்ததில்ல. உங்க பொண்ணு முன்னால நிக்கணும்னாதான் காலு பிரேக்கைத் தேடுது” என்கிறார்.

சனிக்கிழமை உன் வாசலில் நிற்போம். அவர் காலைக் கவனி. தரையை அழுத்தினால், ஊர் சிரிப்பதற்கு முன்னால் நீயே சிரித்துவிடு.

உன்
அம்மா